தாலி ஒன்று, பதிவேடு இரண்டு: மலையகக் கிறிஸ்தவக் குடும்பங்களில் திருமணமும் பிரிவும்

இலங்கையின் மலையகத்தில் ஒரு குடும்பம் முறியும் நிலைக்கு வந்தால் விஷயம் முதலில் போவது தோட்டத் தலைவரிடம். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) முன்னால் நாலு பேர் கூடுவார்கள். இரண்டு பக்கத்தாரும் சத்தம் போட்டு ஓய்ந்த பிறகு கொப்பித்தாளில் ஒரு கடுதாசி எழுதப்படும்: இன்றிலிருந்து ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை, சாமான்களைப் பிரித்துக்கொண்டாயிற்று, பிள்ளைகள் தாயோடு. அடியில் முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். சிலர் இதையே பொலிஸிலும் மத்தியஸ்த சபையிலும் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தக் கடுதாசியால் கலியாணம் முறியாது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான், கோயில் பதிவேட்டிலும் அப்படியே. இதை நம்பி இன்னொரு கலியாணம் எழுதினால் இரண்டாவது கலியாணம் செல்லாது; இருதார மணத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின்படி 7 வருடம் வரை சிறையும் உண்டு. மதம் மாறிக்கொண்டு இரண்டாவது கலியாணம் செய்யும் வழியையும் 1990களின் கடைசியில் உயர் நீதிமன்றம் அடைத்துவிட்டது. ஆனாலும் கடுதாசியைக் கிழித்துப்போட வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறார்கள் என்பதற்குப் பிற்பாடு அது ஒரு சான்றாக உதவும்.

தலைவரைத் தாண்டினால் இரண்டு கதவுகள். ஒன்று மாவட்ட நீதிமன்றம், மற்றது திருச்சபை. நாங்கள் பார்த்த வரையில் ஆட்கள் அதிகம் அலைக்கழிவது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான். கலியாணத்துக்குப் பிறகு யார் என்ன செய்தார் என்று நீதிமன்றம் கேட்கும். கலியாணத்தன்று இருவர் மனதிலும் நிலைமையிலும் என்ன இருந்தது என்று கத்தோலிக்கத் திருச்சபை கேட்கும். ஒரே கதையை இரண்டு இடத்திலும் ஒப்பித்தால் ஓரிடத்தில் நிச்சயம் கைவிரிப்பார்கள்.

முதலில் நாட்டுச் சட்டம். கண்டியிலோ மாத்தளையிலோ பரம்பரையாக இருந்தாலும் தமிழருக்குக் கண்டியர் விவாகச் சட்டம் பொருந்தாது. அது கண்டியச் சிங்களவருக்கு மட்டும். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் மாவட்டப் பதிவாளரிடம் போய் இருவர் சம்மதத்தோடு கலியாணத்தை முடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு நம்மவர்களும் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஏறி இறங்குவதுண்டு. அங்கே நமக்கு வேலை இல்லை. தமிழ்க் கிறிஸ்தவரோ இந்துவோ, 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் வருகிறார். அதில் விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றே மூன்று: கலியாணத்துக்குப் பின் பிறரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு அல்லது உடலுறவுக்கு இயலாமை. "ஒத்துப்போகவில்லை" என்பதும் "இரண்டு பேருக்கும் சம்மதம்" என்பதும் இந்தப் பட்டியலில் கிடையாது.

இந்தப் பட்டியலுக்கும் வேதாகமத்துக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டத்தில்தான் இதன் வேர். சீர்திருத்தச் சபையினர் மத்தேயு 19:9இலிருந்து விபசாரத்தையும் 1 கொரிந்தியர் 7:15இலிருந்து கைவிட்டுப் போவதையும் எடுத்து விவாகரத்துக்குக் காரணமாக்கினார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் இன்றும் வாதாடப்படுவது ஒரு வகையில் அந்த இரண்டு வசனங்கள்தான்.

கைவிட்டுப் போதல் என்பதில் பெண்கள் நிறையப் பேர் பயந்துபோகிறார்கள். அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுத் தோட்டத்துக்குப் போனவளிடம், "நீதானே வீட்டை விட்டுப் போனாய், வழக்கில் நீதான் குற்றவாளி" என்று மாமியார் வீட்டார் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூட இருக்கவே முடியாதபடி நடந்து ஒருவரை வெளியே துரத்தியவர்தான், அந்த அறைக்குள்ளேயே இருந்தாலும், கைவிட்டவராகக் கருதப்படலாம். இதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். அடிபட்ட அன்றே பொலிஸ் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை எழுதி வைத்தல், தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டித் துண்டை வைத்திருத்தல், போனில் வந்த குரல்பதிவுகளை அழிக்காமலிருத்தல் எல்லாம் இதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தபோது கன்னத்தைப் பார்த்த உபதேசியாரும் சாட்சிதான். பொலிஸில் "குடும்பத் தகராறு, பேசித் தீர்த்துக்கொண்டோம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் மூன்று வருடம் கழித்து அந்த ஒரு வரி வழக்கை நொண்டியாக்கும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாசித்துக் காட்டச் சொல்வது நீதிமன்றத்துக்கும் பொருந்தும். ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளை நீதிமன்றங்களில் பதிவுகள் சிங்களத்தில் நடக்கும். வடகிழக்குக்கு வெளியேயும் தமிழில் மனுப்போடவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவர், எதிர்த்தரப்பு எழுதிய காரணத்தை ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்து, "என்ன சொன்னாங்க?" என்று சட்டத்தரணியின் கிளாக்கரிடம் விசாரிப்பார்.

சம்மத விவாகரத்து இல்லாததால் நடைமுறையில் ஒரு குறுக்குவழி ஓடுகிறது. ஒருவர் வழக்குப் போடுவார், "கைவிட்டுப் போனேன்" என்ற பழியை மற்றவர் ஏற்றுக்கொண்டு எதிர்வாதம் செய்யாமல் விட்டுவிடுவார். இரு தரப்பும் கூடிப்பேசி ஜோடித்த வழக்கு என்று நீதிபதிக்குத் தெரிந்தால் வழக்கு தள்ளுபடி. தப்பித்துவிட்டாலும் பழியை ஏற்றவருக்கு அது பிள்ளைப் பொறுப்பிலும் தாபரிப்பிலும் (வாழ்க்கைச் செலவுப் பணத்திலும்) வந்து இடிக்கும். குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்யும் மனைவிக்கு அழைப்பாணை பழைய லயத்து விலாசத்துக்கே போவதும் நடக்கிறது. அவளுக்குத் தெரியாமலே தீர்ப்பு வந்துவிடும். விலாசத்தை மறைத்து வாங்கிய தீர்ப்பை எதிர்த்து மனுப்போட வழி உண்டு, ஆனால் தெரியவந்ததும் நாள் கடத்தாமல் சட்டத்தரணியிடம் போக வேண்டும்.

தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும். முதலில் இடைக்காலத் தீர்ப்பு. அதிலிருந்து குறைந்தது 3 மாதம் கழித்துத்தான் அது இறுதித் தீர்ப்பாக்கப்படும். முதல் தீர்ப்பு வந்த அன்றே "டிவோர்ஸ் கிடைச்சிருச்சு" என்று அடுத்த மாதம் கலியாணம் எழுதப் போகிறவர்கள் உண்டு; அந்த மூன்று மாதமும் அவர்கள் கலியாணமானவர்களே. ஏழு வருடம் பிரிந்திருந்தால் கலியாணம் தானாகவே ரத்தாகிவிடும் என்பதும் லயத்துச் சட்டம்தான். எத்தனை வருடமானாலும் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும்.

எங்கள் அபிப்பிராயத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் தேவை விவாகரத்து அல்ல. அடி நிற்க வேண்டும், அரிசிக்குக் காசு வர வேண்டும். இரண்டுக்கும் போக வேண்டியது நீதவான் நீதிமன்றம், விவாகரத்து வழக்கை விட வேகமானது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடைச் சட்டத்தின் கீழ் முதலில் 14 நாள் வரை இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரித்த பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் கிடைக்கும். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸே மனுச் செய்யலாம். லயக் காம்பரா கணவன் பெயரில் இருந்தாலும் அவர் அதற்குள் வரக்கூடாது என்று கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. "வீடு அவர் பேரில் இருக்கு, ஒண்ணும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாபரிப்புக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம். கலியாணம் அப்படியே இருக்கும்போதே கேட்கலாம், பிள்ளை கலியாணப் பதிவுக்கு வெளியே பிறந்திருந்தாலும் கேட்கலாம். சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்கும்படி கட்டளை கேளுங்கள். தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பெயர் உள்ளவரிடம் அது நன்றாக வேலை செய்யும். கொழும்பில் கடை கடையாக மாறுகிறவரிடம் திணறும். காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணி தரும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929.

இங்கேதான் சில போதகர்களும் மூப்பர்களும் குறுக்கே வருகிறார்கள். "கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்கக் கூடாது, பொறுத்துக்கொள் தங்கச்சி." பொறுத்துப் பொறுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. திருச்சபையின் போதனை இது அல்ல. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1153ஆம் பிரிவு, உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்திருக்க நியாயமான காரணம் உண்டு என்கிறது. தாமதம் ஆபத்தானால் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தாமாகவே பிரியலாம் என்றும் சொல்கிறது. பவுலும் 1 கொரிந்தியர் 7:11இல் பிரிந்து போகும் மனைவியைப் பற்றிப் பேசுகிறார். அவள் மறுமணம் செய்யாமலிருக்கட்டும் அல்லது ஒப்புரவாகட்டும் என்கிறாரே தவிர, அடிக்குத் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. பிரிந்து வாழ்வது ஒரு காரியம், கலியாண பந்தம் அறுவது வேறு காரியம்.

பந்தம் அறுமா என்பதில் சபைக்குச் சபை வித்தியாசம். மாற்கு 10, லூக்கா 16:18 இரண்டிலும் இயேசுவின் வார்த்தைக்கு விலக்கே இல்லை. மத்தேயு 5:32, 19:9இல் ஒரு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கைப் பிடித்துத்தான் சீர்திருத்தச் சபைகள் மறுமணத்துக்கு இடம் கொடுக்கின்றன. மறுமணம் செய்து வைப்பதா என்பதை அந்தந்தச் சபையின் ஒழுங்கும் மேற்பொறுப்பாளரும் தீர்மானிப்பார்கள். போதகர் தனியாக வாய்ச்சொல்லால் தரும் சம்மதத்தை நம்பி மண்டபம் பேசிவிட வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபை, செல்லுபடியாக நடந்து உடலுறவால் நிறைவேறிய இரு கிறிஸ்தவர்களின் கலியாணத்தைச் சாவு தவிர வேறொன்றும் அறுக்காது என்கிறது. அது தருவது விவாகரத்து அல்ல. அந்தக் கலியாணம் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியாகவில்லை என்ற தீர்ப்பு.

தோட்டங்களில் பெரிய வேதனை கொடுக்கும் தப்பெண்ணம் ஒன்று இங்கே உண்டு. நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கியவர், அல்லது வாங்கப்பட்டவர், நன்மை (திருவிருந்து) வாங்கக் கூடாது என்று சொல்லிப் பெண்களைப் பத்து வருடம் கடைசி வாங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். மறுமணம் செய்யாமலும் வேறொருவரோடு குடும்பம் நடத்தாமலும் இருக்கும் ஒருவர், விவாகரத்துப் பெற்றவர் என்ற காரணத்துக்காகத் திருவிருந்திலிருந்து விலக்கப்படுவதில்லை.

செல்லாமைத் தீர்ப்புக்கான வழி பங்குத்தந்தையில் தொடங்கும். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டத்துக்குள்ளும் பதுளை, மொனராகலை மாவட்டங்கள் பதுளை மறைமாவட்டத்துக்குள்ளும் வருகின்றன. கலியாணம் நடந்த இடம், இருவரில் ஒருவர் வசிக்கும் இடம், சாட்சிகள் அதிகம் உள்ள இடம் இவற்றில் எதன் திருமண நீதிமன்றத்துக்கும் மனுப்போடலாம். இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ், கோயில் கலியாணச் சான்றிதழ், அரசாங்கக் கலியாணச் சான்றிதழ், விவாகரத்து இறுதித் தீர்ப்பின் பிரதி, சாட்சிகளின் பெயர் விலாசம் வேண்டும். இவற்றோடு கலியாண வரலாறு ஒன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மனு தோற்பது பெரும்பாலும் இந்த வரலாற்றில்தான். வழக்கமாக எழுதி வருவது இப்படி இருக்கும்: "அவர் தினமும் குடித்து அடிப்பார். சம்பளம் தரமாட்டார். கடைசியில் இன்னொரு பெண்ணோடு போய்விட்டார்." எல்லாம் உண்மை, ஆனால் எல்லாம் கலியாணத்துக்குப் பின் நடந்தவை. விசாரிப்பவர் தேடுவது இதை: "பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு விருப்பமில்லை என்று சித்தியிடம் சொன்னேன். கோயிலில் கலியாண ஓலை (அறிவிப்பு) வாசித்த பிறகு மறுபடியும் அழுதேன். அப்பா கொழுந்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தலை எடுத்து, மறுத்தால் குடித்துவிடுவேன் என்றார். சித்தி இப்போதும் அதே தோட்டத்தில் இருக்கிறார், சாட்சி சொல்வார்." இது திருச்சபைச் சட்டம் 1103ஆம் பிரிவில் சொல்லப்படும் பலவந்தமும் அச்சமும். குடியும் பயன்படலாம், கலியாணத்துக்கு முன்பே வேலைக்கும் பொறுப்புக்கும் லாயக்கில்லாத அளவுக்கு அவர் அடிமையாயிருந்தார் என்று காட்ட முடிந்தால். அப்போது அது 1095ஆம் பிரிவு, மனநல நிபுணரின் அறிக்கையும் கேட்பார்கள். பிள்ளையே வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவெடுத்து மறைத்தது 1101, தாம்பத்தியத்தைக் குலைக்கும் பெரிய விஷயம் ஒன்றை ஏமாற்றி மறைத்தது 1098.

ஆகவே சாட்சிகளாக இப்போது பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களை எழுதாதீர்கள். பெண் பார்க்கப் போனபோதும் ஓலை வாசித்தபோதும் கூட இருந்தவர்களை எழுதுங்கள். எதிர்த்தரப்பின் சரியான விலாசத்தைக் கொடுங்கள். அவருக்கு அறிவிக்காமல் விசாரணை நகராது. அவர் பதில் போடாவிட்டாலும் வழக்கு நின்றுவிடாது. திருமணப் பந்தத்தின் சார்பில் வாதாட ஒருவர் இருப்பார். அவர் குறுக்குக் கேள்வி கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அவர் கடமை. முதல் தீர்ப்பு ஒரு வருடத்துக்குள் வர வேண்டும் என்பது சட்டம் குறித்த எல்லை. முகவரி தேடலிலும் சாட்சி வராததிலும் அது நீளும். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் செய்த மாற்றத்தால் இரண்டாவது நீதிமன்றத்தின் உறுதிப்படுத்தல் இப்போது தேவையில்லை. இரு தரப்பும் சேர்ந்து கேட்டு, அல்லது ஒருவர் கேட்க மற்றவர் சம்மதித்து, சான்று பளிச்சென்று இருந்தால் ஆயரே தீர்ப்பளிக்கும் குறுகிய வழியும் உண்டு. பிள்ளைகள் முறைகேடானவர்கள் ஆகிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். 1137ஆம் பிரிவு அதைத் தெளிவாக விலக்குகிறது.

கலப்புக் கலியாணங்களுக்கு இந்த நீண்ட வழி பல நேரம் தேவைப்படுவதில்லை. கத்தோலிக்கப் பெண் இந்துப் பையனை அம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள், அல்லது பதிவாளரிடம் எழுதிக்கொண்டாள், ஆயரின் விலக்கு எதுவும் வாங்கவில்லை என்றால் திருச்சபை முறைப்படி அங்கே கலியாணமே நடக்கவில்லை. சான்றிதழ்களை வைத்தே அவள் சுயாதீன நிலையை (திருச்சபை முறைப்படி கலியாணமாகாதவள் என்பதை) உறுதிப்படுத்த முடியும். ஆனால் நாட்டுச் சட்டத்துக்கு அது கலியாணம். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் கிடையாது. எழுத்தை (கலியாணப் பதிவை) இன்று வைத்துவிட்டுக் கோயில் கலியாணத்தை அவள் வெளிநாட்டிலிருந்து வந்த பிறகு வைக்கலாம் என்று தள்ளிப்போடும் குடும்பங்களும் இதே முடிச்சில் மாட்டுகின்றன. நடுவில் முறிந்தால் கோயில் கணக்கில் அவள் குமரி, கச்சேரிக் கணக்கில் மனைவி. எழுத்தையும் கோயிலையும் ஒரே வாரத்தில் வைப்பதுதான் புத்தி.

இந்துத் தம்பதிகளாயிருந்து ஒருவர் மட்டும் ஞானஸ்நானம் பெற்ற வீடுகளில், "பழைய கலியாணம் கணக்கில்லை" என்று சில ஜெபக்கூடங்களில் சொல்லிவிடுகிறார்கள். பவுல் சொன்னது நேர்மாறு: நம்பாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் விட்டுவிடாதே, அவர் பிரிந்துபோனால் போகட்டும். இதை வைத்துத்தான், ஞானஸ்நானம் பெற்றவர் மறுமணம் செய்ய இடம் தரும் 1143ஆம் பிரிவின் பவுல் சலுகை. அதற்கும் முதலில் அந்தத் துணையிடம் அவர் ஞானஸ்நானம் பெறுவாரா, அல்லது சமாதானமாகச் சேர்ந்து வாழ்வாரா என்று முறைப்படி கேட்டாக வேண்டும். இன்னொன்று: பதிவுபெறாத ஜெபக்கூடத்தில் போதகர் கைவைத்து ஆசீர்வதித்தது ஜெபம், பதிவு அல்ல. பதிவு இல்லாவிட்டால் கலியாணமே இல்லை என்று ஆகிவிடாது, ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றத்தில் பெரும்பாடு படவேண்டும்.

சொந்தத்தில் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. மாமன் மகள், அத்தை மகள் நாட்டுச் சட்டத்துக்குப் பிரச்சினையில்லை. கத்தோலிக்கருக்கு நான்காம் படி உறவு என்பதால் ஆயரின் விலக்கு வேண்டும். அதை மறைத்துக் கட்டினால் கலியாணம் செல்லாது. அக்கா மகளைக் கட்டுவது தமிழ்நாட்டில் வழக்கமாயிருக்கலாம், இலங்கையில் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாத கலியாணம். ஆயரின் எந்த விலக்கும் அதைச் சரியாக்காது.

மறுமணத்துக்குப் பங்குத்தந்தையிடம் போகும்போது ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கிப் போங்கள். பழைய கலியாணமும் செல்லாமைத் தீர்ப்பும் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குறிப்பு ஏறாமல் விடுபடுவது தோட்டத்துச் சிற்றாலயங்களில் சகஜம். ஞானஸ்நானத்தில் மரியம்மா, பிறப்புச் சான்றிதழில் மாரியம்மா, செக்ரோலில் வேறொன்று என்றிருந்தால் மூன்றும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முதலிலேயே முடித்து வைக்கவும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைக் கட்டாயம் வாசியுங்கள். ஆயரின் அனுமதியில்லாமல் மறுமணம் கூடாது என்ற தடை அங்கே சேர்க்கப்பட்டிருந்தால், அது நீங்கும் வரை தேதி குறிக்கவும் வேண்டாம், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டவும் வேண்டாம்.